இருநூற்றுப் பதினான்கு ஒத்னியெல்

இதனால் சான் எலாடியோ நகரின் சகல ஜனங்களுக்கும், அவர்தம் நாய்களுக்கும், இடைவிடாது பெய்யும் மழைக்கும் அறிவிப்பது யாதெனில்: நமது நகராட்சி, மானுட வரலாற்றிலேயே முதன்முறையாக, புதிதாக வந்து குடியேறியவர்களையும் அகதிகளையும் கலையின் வழியே மார்போடு அணைத்துக்கொள்வதென்று தீர்மானித்துவிட்டது. அணைப்பதற்கு ஆறு திட்டங்கள்வரை நிதி உண்டு. விண்ணப்பங்கள் மூன்று பிரதிகளில், நீல மையில், ஏப்ரல் முப்பதாம் தேதி பகல் ஒரு மணிக்குள் வந்து சேர வேண்டும்.

அறிவிப்பை எழுதியது நான்தான். நாயும் மழையும் மட்டும் இப்போது சேர்த்தவை. நகராட்சியின் கலைப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாகக் குமாஸ்தாவாக இருக்கிறேன். பிரிவு என்றால் நான், ஒரு விறகடுப்பு, ஒரு முத்திரை. மேயர் இதைச் சதுக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு உரக்கப் படித்தார். பதினோரு பேர் கேட்டார்கள். அதில் நான்கு பேர் பேருந்துக்கு நின்றவர்கள்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அணைத்துக்கொள்ளப்பட வேண்டியவர்கள்தான் இல்லை. வெனிசுலாக் குடும்பம் ஒன்று மூன்று வருடம் சந்தையில் கடை போட்டிருந்தது. இந்த ஊரில் மனிதன் காய்வதே இல்லை என்று சொல்லிவிட்டு மார்ச் மாதம் வடக்கே போய்விட்டது. நிதி ஏப்ரலில் வந்தது. மிச்சம் இருந்தவர் ஒருவர். ஒத்னியெல், ஹைதிக்காரர், முப்பத்தெட்டு வயது, மர அறுவை ஆலையில் பலகை அடுக்குகிறவர். கூட வந்த சித்தப்பா மகன் எப்போதோ மெக்சிகோ பக்கம் கிளம்பிவிட்டான். இவருடைய வசிப்பு அனுமதி இந்த ஆலை வேலையோடு முடிச்சுப் போடப்பட்டது. வேலையை விட்டால் காகிதம் போய்விடும். ஆகவே ஆலைக்குப் பின்னால் ஓர் அறையில் இருந்தார். அவருடைய கிரெயோல் மொழி பேசுகிற இன்னொரு ஆளைப் பார்க்க நான்கு மணி நேரம் பேருந்தில் போக வேண்டும்.

விண்ணப்பப் படிவத்தின் நான்காம் பகுதி, பங்கேற்கும் புதியவர்களின் பெயர்களைக் கேட்டது. ஆறு விண்ணப்பங்கள் வந்தன. சுவரோவியம், பாடகர் குழு, நாடகம், கம்பளி நெசவு, ஆவணப்படம், மண்பாண்டம். ஆறிலும் ஒரே பெயர்.

ஊரே அவரைத் தேடிப் போயிருக்கிறது என்று பின்னால் தெரிந்தது. பள்ளிச் சமையலறையில் வேலை பார்க்கும் மிர்த்தா அத்தைதான் பாடகர் குழுவுக்குத் தலைவி. ஊரில் எல்லோருக்குமே அவர் அத்தை. ரொட்டிக் கடை வரிசையிலேயே ஒத்னியெலை மடக்கிவிட்டார்.

"தம்பி, நீ பாடுவியா?"

"பாட வராது அத்தை."

"பரவால்ல, நடுவுல நில்லு. உயரமா இருக்க."

ஏப்ரல் முப்பது, பகல் பன்னிரண்டே முக்கால். ஒத்னியெலே என் ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றார். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"தோன் எரிபெர்த்தோ, ஏழாவதா ஒண்ணு நான் போடலாமா?"

"யாரும் போடலாம். என்ன திட்டம்?"

"டொமினோ."

பேனாவை வைத்தேன்.

"ஒரு மேசை, நாலு நாற்காலி, ஒரு பெட்டி புள்ளி போட்ட டொமினோக் கட்டை. ஞாயித்துக்கிழமை மூணு மணி. யார் வேணா வரலாம். ஊர்ல இருந்தப்ப ஞாயித்துக்கிழமைன்னா எனக்கு அதுதான்."

"இதுல கலை எங்க இருக்கு?"

நிதானமாக யோசித்தார். "தோத்தவனுக்குத் துணி கிளிப் மாட்டணும். ஒரு ஆட்டம் தோத்தா ஒரு கிளிப். முதல்ல காது. காது நிறைஞ்சா கன்னம், அப்புறம் தாடி. எங்க மாமா ஒருத்தரு பதினாறு கிளிப்போட கல்யாண வீட்டுக்கே போயிட்டாரு. யாரும் ஒண்ணும் கேக்கல. தோத்திருக்காருன்னு தெரியும்ல."

கலைக் கூறுகள் என்ற கட்டத்தில் 'பாரம்பரிய முக அலங்காரம்' என்று எழுதினேன்.

"அலங்காரமா?"

"கையெழுத்துப் போடுங்க. இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு."

போட்டார். போகும்போது கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "இந்த ஊர்ல யாருக்காவது ஆடத் தெரியுமா?"

"விசாரிக்கணும்," என்றேன்.

தேர்வுக் குழு மூன்று பேர். மேயர், பாதிரியார், பள்ளி முதல்வர். மே மாதம் ஒரு மாலை, ரொட்டியும் அவகாடோவும் தேநீருமாகக் கூடி, ரொட்டி தீர்வதற்குள் முடிவெடுத்தார்கள். ஆறு திட்டங்களுக்கும் பாராட்டுடன் நிதி. ஏழாவது மட்டும் தள்ளுபடி. முதல் காரணம், கலை அம்சம் போதாது. இரண்டாவது காரணம், பங்கேற்கும் புதியவர் ஒரே ஒருவர்.

கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். உதடு அசைய மெதுவாகப் படித்தார்.

"ஒருத்தன் போதாதா?"

"இதுக்குப் போதாது."

"மத்த ஆறுக்கும் அதே ஒருத்தன்தானே?"

"அதுக்குப் போதும்."

நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

இங்கே ஜூனில் தொடங்கும் அந்தக் குளிர்காலத்தில் சான் எலாடியோவிலேயே ஓய்வில்லாத மனிதர் அவர்தான். திங்கள் சுவரோவியத்துக்காகக் கைகளை விரித்து நின்றார். செவ்வாய் நெசவு. இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நூல்கண்டைத் தாங்கினார். எதிரே ஒரு விதவை நூல் சுற்றியபடி தன் பித்தப்பையைப் பற்றிச் சொன்னாள். புதன் பாடகர் குழுவின் நடுவில் வாயை மட்டும் அசைத்தார். வியாழன் மண் பிசைந்தார். வெள்ளி ஆவணப்படம். அதை எடுத்தவர் ஆலை மேலாளரின் மைத்துனர். அவர்தான் நொந்துபோனார்.

"உங்க பயணத்தைப் பத்திச் சொல்லுங்க. கடல் வழியா வந்தீங்களா?"

"விமானத்துலங்க. ஜன்னல் சீட்டு."

"காடு? ஆறு? எதையாவது நடந்து கடந்தீங்களா?"

"விமான நிலையத்துல ரொம்ப தூரம் நடந்தோம்."

"பசி?"

"கோழி குடுத்தாங்க."

சனிக்கிழமை நாடகம். ஆக ஞாயிறு ஒன்றுதான் யாருக்கும் அவர் வேண்டாத நாள்.

ஒவ்வொரு பயிற்சிக்கும் வரும்போது ஒன்று, போகும்போது ஒன்று என்று வருகைத் தாளில் இரண்டு கையெழுத்திட வேண்டும் என்பது விதி. போட்டார். தாள்கள் எனக்கு வந்தன. நான் கோப்பில் செருகினேன்.

ஜூலையில் ஒரு ஞாயிறு, நாடகத்தை இயக்கும் ஹிமேனா என்னைத் தேடி வீட்டுக்கே வந்தாள். ஐந்து வருடத்துக்கு முன் தலைநகரிலிருந்து ஒரு நாயுடனும் பல சால்வைகளுடனும் இங்கே குடியேறியவள். அவளைப் புதியவள் என்று எந்தப் படிவத்திலும் யாரும் எழுதவில்லை. ஒத்னியெலுக்கு நாடக உடையின் அளவு எடுக்க வேண்டுமாம், தனியாகப் போகத் தயக்கமாம். எனக்கு வேறு வேலை இல்லை. என் மனைவி மகளோடு கன்செப்சியோனில் இருக்கிறாள், மகளுக்குப் பிரசவம் ஆனதிலிருந்து. குழந்தை இப்போது பள்ளிக்குப் போகிறது.

ஆலைக்குப் பின்னால் போய்க் கதவைத் தட்டுமுன் ஜன்னல் வழியே பார்த்துவிட்டோம்.

இரண்டு டப்பாக்களின் மேல் ஒரு பலகை. அதன்மேல் டொமினோக் கட்டைகள், நான்கு பக்கமும் ஏழேழாக அரைவட்டம் கட்டி நின்றன. ஒத்னியெல் ஒரு பக்கம் உட்கார்ந்து ஒரு கட்டையைப் படீரென்று அடித்துப் போட்டார். எழுந்தார். அடுத்த பக்கம் போய் உட்கார்ந்து, அங்கே இருந்த கட்டைகளைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்து, தலையைச் சொறிந்து, ஒன்றைப் போட்டார். மறுபடி எழுந்தார். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு குரல். ஒரு பக்கத்துக்காரன் கிண்டல் பேர்வழி, ஒருவன் முனகுகிறவன், ஒருவன் பேசுவதே இல்லை. காதுகளில் ஐந்து கிளிப். யார் தோற்றாலும் காது அவருடையதுதானே. நாலைந்து சுற்று ஆகியும் இரட்டை ஐந்துக் கட்டையை இன்னும் கையில் வைத்திருந்தார், அதை முன்பே தள்ளிவிட்டிருக்க வேண்டும்.

ஹிமேனா என் கையைப் பிடித்தாள். கண்ணில் நீர்.

"எரிபெர்த்தோ, இதுதான் நம்ம நாடகம்."

"அது டொமினோ."

"அந்தக் கட்டையெல்லாம் உடைஞ்சுபோன தேசம். நாலு பக்கமும் அலையுறாரு பாருங்க, திசை கிடைக்காம. அந்த கிளிப்பு இருக்கே, அது வலி. தாய்நாடு சதையைக் கவ்விப் பிடிச்சுக்கிட்டு இருக்கு."

"தோத்தா மாட்டுறது."

"அதத்தான் நானும் சொல்றேன்."

மறுவாரமே நாடகம் மாறியது. 'கவ்விய நிலம்' என்று பெயர் வைத்தாள். உள்ளூர்க்காரர்கள் பன்னிரண்டு பேர் முகமெல்லாம் கிளிப்போடு மேடையில் மெதுவாக நடப்பார்கள். நடுவில் ஒத்னியெல். டொமினோவை மட்டும் எடுத்துவிட்டாள். அது ரொம்ப வெளிப்படையாக இருக்கிறதாம்.

"கட்டை வேணாமா?" என்று ஒத்னியெல் கேட்டிருக்கிறார்.

"கட்டை இல்லாமலே ஜனங்களுக்குப் புரியும்."

"கட்டை இல்லாம தோக்க முடியாதேம்மா."

ஹிமேனா அந்த வாக்கியத்தை நிகழ்ச்சி அழைப்பிதழில் அச்சடித்தாள்.

செப்டம்பரில் தலைநகருக்கு அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. பயன்பெற்ற புதியவர்கள் எத்தனை என்றொரு கட்டம். அடைப்புக்குள் ஒரு குறிப்பு: வருகைத் தாள்களில் உள்ள கையெழுத்துகளைக் கூட்டி எழுதவும். கூட்டினேன். இருநூற்றுப் பதினான்கு. இரண்டு முறை சரிபார்த்தேன். கூட்டலில் நான் என்றுமே தப்பு செய்ததில்லை.

அக்டோபரில் அமைச்சகத்திலிருந்து கடிதம் வந்தது. நூற்றைம்பது புதியவர்களுக்கு மேல் வாழும் நகரங்களுக்கு, அவர்களுடைய மொழி பேசும் உதவியாளர் ஒருவரை நிரந்தரமாக நியமிப்பது வழக்கம். சான் எலாடியோவின் ஹைதிச் சமூகத்தின் அபாரமான கலை ஊக்கத்தைக் கண்டு மகிழ்ந்து, கிரெயோல் பேசும் திரு. விஸ்லி என்பவர் நியமிக்கப்படுகிறார். 'கவ்விய நிலம்' அரங்கேறும் நாளில் அதிகாரி அம்மையார் அவரை நேரில் அழைத்து வந்து பொறுப்பேற்கச் செய்வார்.

அந்த நிமிடமே ஒரு பதில் எழுதியிருக்கலாம். இரண்டு வரி போதும். ஆனால் அன்று மண்பாண்ட வகுப்பின் தாளைக் கொடுக்க ஒத்னியெல் வந்தார். கடிதம் மேசைமேல் கிடந்தது. தலைகீழாகவே படித்துவிட்டார்.

"கிரெயோல் பேசுவாரா?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"ஹைதிக்காரரா?"

"பேரைப் பார்த்தா அப்படித்தான்."

"டொமினோ ஆடுவாரா?"

"அது கடிதத்துல இல்ல."

"ஹைதிக்காரர்னா ஆடுவாரு," என்றார். வெளியே போனவர் திரும்பி வந்தார். "இங்கயே இருப்பாரா? போயிட மாட்டாரே?"

"நிரந்தரம்னு போட்டிருக்கு."

நான் பதில் எழுதவில்லை. அந்த எண் எப்படி வந்தது, அதை நம்பித்தான் அந்த ஆளை அனுப்புகிறார்கள் என்பதை ஒத்னியெலுக்கும் சொல்லவில்லை. சொன்னால் என் அறிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும்.

ஆலையில் கழித்துப் போட்ட பலகைகளைக் கேட்டு வாங்கி, மூன்று வாரம் இரவில் உட்கார்ந்து, ஒரு மேசையும் நான்கு நாற்காலிகளும் செய்தார். நிதி இல்லாமலே திட்டம் பாதி முடிந்துவிட்டது. கடைக்காரர் செகுந்தோவிடம் இரண்டு டஜன் கிளிப் வாங்கினார்.

"இவ்வளவு துணியா இருக்கு உங்கிட்ட?" என்று செகுந்தோ கேட்டார்.

"ஆள் வராங்க."

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, விளையாட்டுக் கூடத்தில் அரங்கேற்றம். அமைச்சக வேன் வந்து நின்றது. அதிகாரி அம்மையார் இறங்கினார். பின்னாலேயே விஸ்லி, உருண்டையான மனிதர், தோளில் ஒரு பை, கையில் ஒரு பெட்டி. இருக்கப்போகிறவனின் பெட்டி. அவரை என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

விளக்கு அணைந்து எரிந்தது. ஊரின் மரியாதைக்குரிய பன்னிரண்டு பேர், மருந்துக் கடைக்காரர் உட்பட, காதிலும் கன்னத்திலும் கிளிப்போடு மேடையில் ஊர்ந்து போனார்கள். விஸ்லி கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் காதருகே குனிந்தார்.

"இத்தனை பேருமா தோத்துட்டாங்க?"

"ஆமாம்."

"ஜெயிச்சது யாரு?"

 கைதட்டல் வந்துவிட்டது.

நிகழ்ச்சி முடிந்ததும் அதிகாரி அம்மையார் மேடையேறி ஒத்னியெலின் கையைப் பற்றினார். ஒத்னியெல் கிளிப்புகளைக் கழற்றக்கூட இல்லை. பார்வை விஸ்லி மேலேயே இருந்தது.

"அற்புதம். உங்க ஆட்கள் மத்தவங்கெல்லாம் எங்க உக்காந்திருக்காங்க?"

"எந்த மத்தவங்க செஞ்ஞோரா?"

"மீதி இருநூத்துப் பதிமூணு பேர்."

ஒத்னியெல் கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார், ஒருவேளை தனக்குத்தான் தெரியாமல் வந்திருக்கிறார்களோ என்பதுபோல.

"நான் ஒருத்தன்தான்," என்றார்.

மேயர் இருமினார். "எரிபெர்த்தோ?"

"கூட்டல் சரிதான் தலைவரே," என்றேன்.

அம்மையார் என் கையிலிருந்த வருகைத் தாள் கோப்பை வாங்கிப் புரட்டினார். ஒரே கையெழுத்து, தாள் தாளாக. கெட்டிக்காரி, ஒரு நிமிடத்தில் புரிந்துகொண்டார். கத்தவில்லை. கோப்பை மூடி, தேநீர் முடிந்ததும் வேன் கிளம்பும் என்றும், விஸ்லி புவெர்ட்டோ மான்ட்டுக்குப் போவார் என்றும், அங்கே நிஜமாகவே ஆட்கள் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். பெட்டி திரும்ப வேனுக்குள் போனது. பிறகு நாங்கள் தேநீர் குடித்தோம், எம்பனாடா தின்றோம். மேயர் ஒன்றாக வாழ்வதைப் பற்றி இருபது நிமிடம் பேசினார்.

பேச்சு முடிந்தபோது ஹைதிக்காரர்கள் இருவரையும் காணவில்லை. என்னை அனுப்பினார்கள்.

ஆலைச் சந்துக்குள் திரும்பும்போதே சத்தம் கேட்டது. கட்டை மேசையில் விழும் சத்தம். பிறகு சிரிப்பு. ஆறு மாதமாக வாரம் தவறாமல் அவருடைய கையெழுத்தைப் பார்த்து வந்தவன் நான். அவர் சிரித்து அதுவரை கேட்டதில்லை. ஜன்னலருகே கூரைத் தண்ணீர் படாமல் ஒதுங்கி நின்றேன். நான்கு நாற்காலிகளில் இரண்டில் ஆள். விஸ்லியின் காதில் மூன்று கிளிப், ஒத்னியெலின் காதில் ஒன்று. இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒத்னியெல் எழுந்து இடம் மாறவில்லை. அவர் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்க்க விசித்திரமாக இருந்தது.

இந்த ஆட்டம் முடியட்டும் என்று நின்றேன். முடிவதற்குள் வேன் ஹாரன் அடித்தது. கதவைத் தட்டினேன்.

"வேன் காத்திருக்கு."

விஸ்லி எழுந்து ஒத்னியெலைக் கட்டிக்கொண்டு, என்னவோ சொல்லி, ஓடினார். கிளிப்பைக் கழற்ற மறந்துவிட்டார். வேன் சதுக்கத்தைச் சுற்றித் திரும்பும்போது கண்ணாடி வழியே மூன்று கிளிப்பும் தெரிந்தன. பக்கத்தில் அம்மையார் எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

குடையை மறந்து வைத்துவிட்டதால் அறைக்குத் திரும்பினேன். ஒத்னியெல் மேசையைக் கலைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"வாரா வாரம் போன் பண்றேன்னாரு."

"நல்லதுதானே."

"போன்ல ஆட முடியாது தோன் எரிபெர்த்தோ."

விஸ்லி விட்டுப்போன கட்டைகள் எதிர்நாற்காலியின் முன் நின்றன. அதில் ஒரு பாதியில் மூன்று புள்ளியும் மறுபாதி வெறுமையுமான கட்டை இருந்தது. அதைப் போட்டிருந்தால் வரிசையின் இரண்டு முனையும் அடைத்திருக்கும், ஒத்னியெலுக்கு இன்னொரு கிளிப் விழுந்திருக்கும்.

"மழை விடட்டும், உக்காருங்க," என்றார். எதிர்நாற்காலியைக் காலால் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினார்.

"கூடத்தைப் பூட்டணும்," என்றேன்.

கூடத்தைப் பூட்டுவது காவலாளியின் வேலை. நான் குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் ஞாயிறு. மூன்று மணிக்கு மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வாசல்வரை வந்தேன். பிறகு கோட்டைக் கழற்றிவிட்டுத் தொலைக்காட்சியைப் போட்டேன். கால்பந்து, இரண்டு அணிகள், எவையென்று நினைவில்லை.

இந்த வருடமும் நிதி வந்திருக்கிறது. ஊர்ப்பெயர் கொஞ்சம் கெட்டுப்போனதால் ஆறுக்குப் பதில் நான்கு திட்டம். நான்கிலும் நான்காம் பகுதியில் ஒரே பெயர். அவருடைய விண்ணப்பத்தை இம்முறை காணவில்லை. அறிவிப்பை வழக்கம்போல் நானே எழுதினேன், பரந்த மனம், திறந்த கரங்கள் எல்லாம் போட்டு.

எனக்கு டொமினோ ஆடத் தெரியும்.